கஸ்தூரிக்கு நாங்கள் கட்டிய சைக்கிள்

மண்ணெண்ணெய் வாடை... அதோடு பழைய கிரீஸும் துருவும் சேர்ந்த ஒரு நாற்றம். சாயங்காலம் நாலு மணி பெல் அடித்ததும் ஸ்கூலுக்குப் பின்னால் இருந்த தகர ஷெட்டுக்குள் நுழைந்தால் அதுதான் மூக்கில் ஏறும். எவ்வளவு சோப்பு போட்டாலும் கையை விட்டுப் போகாது. ராத்திரி சோற்றிலும் அந்த வாடை இருக்கும்.

நம் பழைய மாணவர் குரூப்பில் ஆளாளுக்குப் "பொற்காலம்" என்று போட்டுக்கொண்டிருக்கிறீர்கள். என்னையும் எழுதச் சொல்லி நாலு பேர் கேட்டாயிற்று. எனக்கு ஷிஃப்ட் பார்த்துத் தேய்ந்த முட்டி. ரொம்ப நேரம் உட்கார்ந்து எழுத முடியாது. ஆனாலும் எழுதுகிறேன்.

எழுபதுகளில் நடந்தது. நான் ஒன்பதாவது படித்தேன். எங்கள் சைக்கிள் கிளப்பில் மொத்தம் ஆறு பேர், எல்லாம் பையன்கள். கிராஃப்ட் சார் பேரில்தான் கிளப். அவர் வருவார், நாற்காலியில் சாய்வார், தூங்கிவிடுவார். வேலையெல்லாம் ஏகாம்பரம்தான் பார்ப்பான். என் கிளாஸ்தான். சக்கரத்தைச் சுழல விட்டு, ஒற்றைக் கண்ணால் பார்த்து பெண்டு எடுப்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. அந்தத் திமிரும் அவனிடம் நிறையவே இருந்தது.

ஒருநாள் கணக்கு டீச்சர் ஷெட்டுக்கு வந்தார். எங்கள் கிளாஸ் கஸ்தூரிக்கு ஒரு வண்டி கட்டித் தர முடியுமா என்று கேட்டார். கஸ்தூரி பழவேற்காடு ஏரியோரக் குப்பத்துப் பெண். ஆறு மைல் நடந்து வருவாள். கணக்கில் எங்கள் எல்லாரையும் தூக்கிச் சாப்பிடுவாள். கூட வந்த இரண்டு பெண்களும் படிப்பை நிறுத்திவிட்டார்கள். அவள் அப்பா, அதான் நைனா, ஏரியில் வலை போடுகிறவர். டீச்சரிடம் வந்து கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம்.

"தனியா நடந்து வர்றதுக்குள்ள இருட்டிப் பூடுதும்மா. ஜூன் மாசம் வண்டி இருந்தா பத்தாவது போவட்டும். இல்லாங்காட்டி வாணாம்."

அவளுக்கு ஓட்டத் தெரியுமாம். பொன்னேரியில் சித்தி வீட்டுக்குப் போனபோது சின்ன வாடகை சைக்கிளில் கற்றுக்கொண்டிருக்கிறாள்.

மூன்று மாதம் உழைத்தோம். புதுவாயல் பக்கம் ஒரு காயலான் கடையில் ஃபிரேம் பிடித்தோம். ரிம்மைச் செங்கல் தூள் போட்டுத் தேய்த்தோம். பேரிங் பால்ஸை ஒவ்வொன்றாகத் துடைத்து கிரீஸில் பதித்தோம். தாவணி சக்கரத்தில் மாட்டக்கூடாது என்று பின்னால் வலைகூட கட்டினோம். அவ்வளவு யோசித்திருக்கிறோம், பாருங்கள்...

எங்களுக்கு ஒரு ரூல் உண்டு. வண்டி யாருக்கோ, அவர் வேலை முடியும்வரை ஷெட் பக்கம் வரக்கூடாது. "அரகொறயா பாத்தா மனசு உட்டுப்பூடும்டா" என்பான் ஏகாம்பரம். போதாததற்கு அந்தக் காலத்தில் பெண்களோடு நாங்கள் பேசுவதே கிடையாது. ஒரே கிளாஸ்தான், ஆனால் ஒரு வார்த்தை பேச மாட்டோம்.

பரீட்சை முடிந்த அன்று வண்டியைக் கொடுத்தோம். பச்சை பெயின்ட் பளபளவென்று இருந்தது. கஸ்தூரி ஹேண்டில் பாரைப் பிடித்தாள். சீட்டைத் தொட்டாள். முன்னால் இருந்த குறுக்குக் கம்பியில் கையை வைத்து எடுத்தாள்.

"நல்லாக்கீது" என்றாள்.

அப்புறம் தள்ளிக்கொண்டே போனாள். நாங்கள் கை தட்டினோம். வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டோம்.

ஜூன் மாதம் அவள் வரவில்லை. விசாரித்துவிட்டு வந்த கணக்கு டீச்சர் ஷெட் வாசலில் நின்று எங்களை ஒரு பார்வை பார்த்தார்.

"பார் வெச்ச வண்டியில பாவாட தாவணியோட ஒரு பொண்ணு எப்டிடா ஏறுவா?"

ஏகாம்பரம் ஆக்ஸா பிளேடை எடுத்துக்கொண்டு, "கம்பிய அறுத்துப்புட்லாம் டீச்சர்" என்றான். அன்றைக்குத்தான் கிராஃப்ட் சார் முழுசாக விழித்திருந்தார். "அறுத்தா ஃபிரேம் ரெண்டா மடிஞ்சிடும்டா" என்றார். லேடீஸ் ஃபிரேம் தேடி மீஞ்சூர் வரைக்கும் அலைந்தோம். எந்தக் காயலான் கடையிலும் இல்லை. எங்கள் பக்கம் லேடீஸ் சைக்கிள் வாங்கியவர்கள் இருந்தால்தானே பழசாகி அங்கே வரும்?

அடுத்த வருஷம் அவள் தம்பி ஒன்பதாவதில் சேர்ந்தான். அந்தப் பச்சை வண்டியில்தான் தினமும் வருவான். ஸ்டாண்டில் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அவமானமாக இருக்கும். கிளப்புக்குப் போவதை நிறுத்திவிட்டேன்.

நான் ரிட்டையர் ஆவதற்கு முந்தின வருஷம், ஷிஃப்ட் முடிந்து கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்த அம்மா என்னையே பார்த்தாள்.

"இன்னா, தெர்லயா? கஸ்தூரி."

ஏதோ கம்பெனியில் கான்ட்ராக்டில் பெருக்கித் துடைக்கிற வேலையாம். "அன்னிக்கே சொல்லியிருக்கலாமே..." என்றேன்.

"எப்டி சொல்றது? ஆறு பேரும் கையெல்லாம் கறுத்துப்போயி சிரிச்சிக்கினு நிக்கிறீங்க." கொஞ்சம் சிரித்தாள். "நைனாகூட வாணாம்னு சொல்லல. வண்டியப் பாத்தாரு. 'எங்க, ஏறிக் காட்டு'ன்னாரு. அவ்ளோதான்."

ட்ரெயின் வந்தது. லேடீஸ் பெட்டி முன்னால் என்று எழுந்து போய்விட்டாள்.

இப்போது காலையில் டீ குடிக்கப் போனால், பார் இல்லாத சைக்கிளில் யூனிஃபார்ம் போட்ட பெண்கள் வரிசையாகப் போகிறார்கள். சத்தமாகப் பேசிக்கொண்டு, வழியை அடைத்துக்கொண்டு. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. நாங்களும் கெட்டவர்கள் இல்லை. ராப்பகலாக அவளுக்காகத்தான் உழைத்தோம்.

ஆனால் அந்த மூன்று மாதத்தில் ஒரு நாள், ஒரு நிமிஷம், அவளைக் கூப்பிட்டு "ஏறிப் பாரு" என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை. அதை முதலில் சொன்னவர் அவள் நைனாதான்.