இரண்டு அங்குலம்

சரவணை வல்லிபுரம் 1964ஆம் ஆண்டு ஆவணி மாதம் வவுனியாவில் நடந்த ஓர் ஏலத்தில் பழைய வில்லீஸ் ஜீப் ஒன்றை எடுத்தார். கழித்துவிடப்பட்ட வண்டி அது. ஏலத்துக்கு வந்த மற்றவர்கள் இரும்புக்காக வந்தவர்கள். ஓட்டுவதற்கென்று கேட்டவர் அவர் ஒருவரே.

அதற்கு முந்திய ஆண்டுவரை அவர் ஒரு நீர்ப்பாசன வேலைத்தலத்தில் களஞ்சியப் பொறுப்பாளராக இருந்தவர். பத்தொன்பது ஆண்டுகளில் ஓர் ஆணிகூட அவர் கணக்கில் குறைந்ததில்லை. அரசாங்க ஊழியருக்குக் கட்டாயமாக்கப்பட்ட சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் இரண்டு தடவை தேறவில்லை, மூன்றாந்தடவை போகவில்லை. சம்பள உயர்வை நிறுத்திய கடிதம், விளக்கம் கேட்ட கடிதம், வீட்டுக்கு அனுப்பிய கடிதம் ஆகிய மூன்றையும் ஒரே கோவையில் நூல் போட்டுக் கட்டி அலுமாரியில் வைத்தார். அதன் பிறகு எழுத்தில் இல்லாத எதையும் அவர் நம்புவதில்லை.

ஊர்காவற்றுறை வீதியோரத்துத் தன் வீட்டுக்கு ஜீப்பை இழுத்துவந்தார்; எஞ்சின் இறுகிப்போயிருந்தது. வள்ளங்களின் எஞ்சின் திருத்தும் சந்தியோகுவை அல்லைப்பிட்டியிலிருந்து அழைப்பித்தார். சந்தியோகு படலையடியிலேயே நின்றார். அந்த வீட்டில் கடற்கரை ஆட்கள் அதுவரை கதிரையில் இருந்ததில்லை. வல்லிபுரம் கதிரையொன்றைக் கொண்டுவந்து ஜீப்புக்கு முன்னால் போட்டார்.

"வேண்டாம் ஐயா, நான் இதிலை குந்தியிருக்கிறன்."

"குந்தியிருந்து எஞ்சின் பார்க்கேலாது. கதிரையில இரும். ஐயா எண்டும் கூப்பிட வேண்டாம்."

சந்தியோகு உள்ளே நின்ற வல்லிபுரத்தின் மனைவி நாகபூசணியை ஒருமுறை பார்த்தார். பிறகு இருந்தார். அன்று மாலை எஞ்சின் முதன்முதலாக இருமியபோது அவர் வாயிலிருந்து "அண்ணை, பிடிச்சிட்டுது" என்று வந்தது. அதற்குப் பிறகு அண்ணைதான்.

திங்கள் முதல் வெள்ளிவரை அந்த ஜீப் ஊர்காவற்றுறைப் பள்ளிக்கூடத்துக்கு நான்கு ஆசிரியைகளை ஏற்றிச் சென்றது. ஞாயிற்றுக்கிழமைகளில் பாதையே இல்லாத இடங்களுக்குப் போனது. இரண்டுக்கும் ஒரே வண்டி உதவ வேண்டும் என்பதில்தான் வல்லிபுரத்தின் மூளையெல்லாம் செலவாயிற்று. சேலை கட்டியவர்கள் ஏறுவதற்குப் படி தாழ்வாக இருக்க வேண்டும். தாழ்ந்த படி தரிசான தரவை வெளியின் கல்லில் அடிபடும். ஆகவே கதவுப் பிணைச்சல் இரண்டை வைத்து மடங்கும் படி செய்தார். வெள்ளிக்கிழமை பின்னேரம் படி மேலே போகும்; திங்கட்கிழமை காலை கீழே வரும். குலுக்கலைத் தாங்குவதற்கு லொறியொன்றின் வில்லுத்தகடுகளில் இரண்டைப் பின்பக்கத்தில் கூட்டிப் போட்டார். உடைந்த படகொன்றின் இரும்புத் தகட்டை எஞ்சினுக்கு அடியில் பூட்டினார். உப்புக்காற்றுக்கு மாதம் ஒருமுறை கழிவெண்ணெய் பூசினார். புகைக்குழாயைப் பின்னால் மேலே தூக்கிவிட்டார். எஞ்சின் மூச்சு வாங்குவதற்கென்று பொனற்றின் பக்கத்திலிருந்து நேரே மேலெழும் காற்றுக் குழாய் ஒன்றைச் சந்தியோகு செய்து கொடுத்தார்.

எல்லாவற்றையும் வல்லிபுரம் ஒரு நீளக் கொப்பியில் எழுதினார். பொருள், அளவு, திகதி, அளக்கும்போது நாடா பிடித்தவர் என்று நான்கு வரிசை. காற்றுக் குழாய்க்கு நேரே, "இரண்டு அடி பதினொரு அங்குலம், 12.6.1966; சந்தியோகு" என்று இருந்தது. கொப்பியில் வெட்டும் திருத்தமும் இருப்பது அவருக்குப் பிடிக்காது.

ஞாயிற்றுக்கிழமைத் தேவாலயப் பூசை முடிந்து சந்தியோகு வந்ததும் இருவரும் புறப்படுவார்கள். கோவிலிலிருந்து கொண்டுவந்த மெழுகுதிரித் துண்டுகளை உருக்கிப் பிளக்கு வயர்களின் மூட்டுகளில் விடுவார் சந்தியோகு. தண்ணீரில் இறங்குமுன் விசிறியின் பெல்ற்றைக் கழற்றுவார்கள். இல்லாவிட்டால் விசிறியே எஞ்சினைக் குளிப்பாட்டிவிடும். ஆழம் குறைந்த வற்றுக்கடலில் அங்குலம் அங்குலமாக ஜீப் இறங்கும். கம்பு பிடித்து ஆழம் பார்த்தபடி சந்தியோகு முன்னால் நடப்பார்.

"அண்ணை, இன்னும் கொஞ்சம் விட்டால் இராமேஸ்வரம் தெரியும்."

"பாஸ்போட் எடுக்கேல்லை. முதல்ல அந்தப் பள்ளத்தைச் சொல்லும்."

கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "வல்லிபுரத்தார் மீனுக்கு லைசென்ஸ் குடுக்கப் போறார்" என்றார்கள். ஆனால் அந்த வருட மார்கழியில் தரவை முழுதும் வெள்ளம் நின்றபோது, அப்பால் குடியிருந்த அல்போன்சம்மாவைப் பிரசவ வலியோடு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்த்தது அந்த ஜீப்தான். அதற்குப் பிறகு சிரிப்புக் கொஞ்சம் குறைந்தது.

அன்று ஒரு குறை தெரியவந்தது. குழாயின் வாய் கன்வஸ் கூரையின் மட்டத்துக்கு இருந்ததால், கூரையில் வழிந்த மழையை அது குடித்தது. வல்லிபுரம் காய்ச்சலாய்க் கிடந்த கிழமையில் சந்தியோகு பழைய குழாயை எறிந்துவிட்டு வேறொன்று செய்து பூட்டினார். "கொஞ்சம் கூட விட்டிருக்கிறன் அண்ணை. இனி மழை குடியாது" என்று யன்னலடியில் நின்று சொல்லிவிட்டுப் போனார். வல்லிபுரம் போர்வைக்குள்ளிருந்து ஓம் என்றார்.

ஆண்டுதோறும் அனுமதிப்பத்திரத்துக்கு வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டுபோக வேண்டும். பரிசோதகர்கள் குழாயைப் பார்த்து முகம் சுளித்துவிட்டு வாய்ச்சொல்லாகவே விட்டுவிடுவார்கள். சந்தியோகு ஒரு வழி சொன்னார்.

"அண்டைக்கு மட்டும் கழட்டி வைப்பம் அண்ணை. அரை மணித்தியால வேலை."

"ஒளிச்சு ஓடுறதுக்கோ இதைச் செய்தது?"

மாற்றியமைத்தபடியே வண்டி ஓடத் தகுந்தது என்று முத்திரையிட்ட ஒரு கடிதம் அவருக்கு வேண்டியிருந்தது. வீட்டுக்கு அனுப்பிய கடிதம் கிடந்த அதே அலுமாரியில், அதற்குப் பதிலாக அதை வைக்க வேண்டும். 1968ஆம் ஆண்டு கார்த்திகையில் விண்ணப்பித்தார்; அளவுகளை அதிகாரிகளே வந்து எடுக்கட்டும் என்று வரைபடம் எதுவும் இணைக்கவில்லை. பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. அதையும் கோவையில் சேர்த்தார்.

அடுத்த தை மாதம் நாகபூசணியின் தம்பி பாலசிங்கம் வந்தார். வேலணையில் வாடகைக் கார் வைத்திருப்பவர்.

"அத்தான், அந்தக் கொப்பியை ஒரு கிழமைக்குத் தாங்கோவன். என்ர காரிலையும் ஏதும் செய்யலாமோ எண்டு பாப்பம்."

"தரலாம். ஒரு பற்றுச்சீட்டு எழுதித் தாரும்."

"மச்சானுக்கும் பற்றுச்சீட்டோ? அக்கா, இஞ்சை வந்து கேளுங்கோ."

"களஞ்சியத்தில மச்சான் மாமன் இல்லை."

பாலசிங்கம் சிரித்துக்கொண்டே எழுதிக் கையொப்பமிட்டார். கொப்பி ஒரு கிழமையில் திரும்பிவந்தது. பற்றுச்சீட்டில் அதையும் குறித்து வல்லிபுரம் கோவையில் வைத்தார்.

பங்குனியில், விண்ணப்பத்துக்குப் பதிலாக, அதிகாரிகள் மூவர் வந்தார்கள். கடலில் ஓடக்கூடியதாக மாற்றப்பட்ட ஜீப் கள்ளக்கடத்தலுக்குப் பயன்படுகிறது என்று முறைப்பாடு கிடைத்திருப்பதாகச் சொன்னார்கள். குழாயை அந்த முற்றத்திலேயே கழற்றி வல்லிபுரத்தின் கையில் கொடுத்துவிட்டு, ஜீப்பைக் கொண்டுபோய்க் கடற்கரையோரக் களஞ்சியம் ஒன்றின் வெளியே நிறுத்தினார்கள். வல்லிபுரம் குழாயைச் சாய்ப்பின் கூரை மரமான வளையில் செருகினார். பிறகு முறைப்பாட்டின் பிரதி கேட்டு மூன்று கடிதங்கள் எழுதினார்.

வைகாசியில் பிரதி வந்தது. மொட்டைப் பெட்டிசம், பெயரில்லை, தட்டச்சில் அடித்தது. வில்லுத்தகடு இரண்டு கூடுதல், அடித்தகட்டின் நீள அகலம், மடங்கும் படி எல்லாம் பிழையில்லாமல் இருந்தன. காற்றுக் குழாய்: இரண்டு அடி பதினொரு அங்குலம். வல்லிபுரம் கொப்பியைத் திறந்து ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். எல்லா அளவும் சரி. நாடா பிடித்தவர் என்ற வரிசையில் மேலிருந்து கீழ்வரை ஒரே பெயர்.

அன்றே பஸ் எடுத்து அல்லைப்பிட்டிக்குப் போனார். சந்தியோகு ஒரு வள்ளத்துக்குள் நின்று வேலை செய்துகொண்டிருந்தார்.

"ஆர் கேட்டு எழுதினனீர்?"

"எதை அண்ணை?"

வல்லிபுரம் பிரதியை நீட்டினார். சந்தியோகு கையைத் துடைத்துவிட்டு வாங்கி, ஆறுதலாக வாசித்தார். அவருடைய மனைவி திரேசம்மா குடிசைக்கு வெளியே வந்து நின்றார்.

"நான் எழுதுறதெண்டால் பேர் வைச்சு எழுதியிருப்பன்."

"இந்த அளவு உமக்கும் எனக்கும்தான் தெரியும். கொப்பியில நாடா பிடிச்சது நீர்."

சந்தியோகு பிரதியை மீண்டும் பார்த்தார். பிறகு மடித்துக் கொடுத்தார்.

"குழாயை ஒருக்கா அளந்து பாருங்கோ அண்ணை."

"அளவு கொப்பியில கிடக்கு."

"கொப்பியை இல்லை. குழாயை."

வல்லிபுரம் அதைத் திமிரென்று எடுத்துக்கொண்டார். ஊர் முழுதும் கேட்கட்டும் என்ற குரலில், இனிமேல் தன் படலைக்குள் கால் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். குழாய் சாய்ப்பு வளையில் இருந்தது. அளவு நாடா அலுமாரியில் இருந்தது. இரண்டுக்கும் இடையே இருபது அடிகூட இல்லை.

குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று 1970ஆம் ஆண்டு ஆடியில் கடிதம் வந்தது. குற்றமே நடக்கவில்லை என்று அதில் எழுதப்படவில்லை. ஜீப் திரும்பி வந்தபோது அடிச்சட்டம் விரலால் குத்தினால் உள்ளே போகும் அளவுக்குத் துருப்பிடித்திருந்தது. அதைத் திருத்த வேறொரு ஆளை வல்லிபுரம் தேடவில்லை. ஆசிரியைகள் பாலசிங்கத்தின் காரில் போனார்கள். வேப்பமரத்தடியில் நின்ற ஜீப்பின் மடங்கும் படியில் கோழிகள் அடைந்தன.

1977ஆம் ஆண்டு, கிணற்றடித் தண்ணீரை வாழைக்கு விட ஒரு குழாய் வேண்டுமென்று நாகபூசணி கேட்டார். வல்லிபுரம் சாய்ப்பிலிருந்து குழாயை எடுத்தார். வாழை மூன்றடி தூரத்தில் நின்றது; எட்டுமோ என்று பார்க்க நாடாவை வைத்தார். மூன்று அடி ஒரு அங்குலம்.

மறுபடி வைத்தார். நாடாவைத் திருப்பி வைத்துப் பார்த்தார். யன்னலடியில் கேட்ட குரல் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. கொஞ்சம் கூட விட்டிருக்கிறன் அண்ணை. குழாய் இரண்டு அங்குலம் நீண்டிருந்தது. கொப்பி நீளவில்லை. பெட்டிசம் எழுதியவர் குழாயைக் கையால் தொட்டவரல்லர். கொப்பியைப் பார்த்து எழுதியவர்.

அலுமாரியைத் திறந்தார். பாலசிங்கம் எழுதித் தந்த பற்றுச்சீட்டு எட்டாண்டாக அவர் கட்டிய நூலுக்குள்ளேயே இருந்தது. கொப்பி போன திகதி 27.1.1969, திரும்பிய திகதி 3.2.1969. பெட்டிசத்தின் திகதி 6.2.1969. பற்றுச்சீட்டையும் பெட்டிசத்தின் பிரதியையும் கொப்பியையும் மேசையில் வரிசையாக வைத்து நாகபூசணியைக் கூப்பிட்டார். அவர் நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டார்.

"இதை இனி ஆருக்குக் காட்டப் போறியள்?"

"ஊருக்கு."

"அவன்ர பெட்டைக்குக் கலியாணம் பேசி வந்திருக்கு. எனக்கு இருக்கிறது ஒரு தம்பி. சந்தியோகு உங்களுக்கு ஆர்?"

வல்லிபுரம் தாள்களை மறுபடி நூல் போட்டுக் கட்டினார். அடுத்த கிழமை பாலசிங்கம் கலியாணத்துக்குச் சொல்ல வந்தார். சந்தியோகு இருந்த அதே கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தார். "அத்தான், அந்த இரும்பை வித்துப்போடுங்கோவன்" என்று ஜீப்பைக் காட்டினார். வல்லிபுரம் பாப்பம் என்றார்.

அவர் போன பின்பு கொப்பியைத் திறந்து, வாழ்க்கையில் முதன்முறையாக அதில் ஓர் அளவை வெட்டினார். மேலே "மூன்று அடி ஒரு அங்குலம்" என்று எழுதித் திகதியிட்டார். குழாயையும் கொப்பியையும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினார்.

சந்தியோகுவின் தலை நரைத்திருந்தது. வல்லிபுரத்தைக் கண்டதும் வள்ளத்திலிருந்து இறங்கி வந்து நின்றார். திரேசம்மா உள்ளே போய்க் கதிரையொன்றைக் கொண்டுவந்து வைத்தார்.

"இருங்கோ ஐயா" என்றார் சந்தியோகு.

வல்லிபுரம் இருந்தார். பற்றுச்சீட்டையும் பிரதியையும் காட்டினார். திகதிகளை ஒவ்வொன்றாக விளங்கப்படுத்தினார். குழாயின்மேல் நாடாவை வைத்துக் காட்டினார்.

"நீர் அண்டைக்குச் சொன்னனீர். நான் கேக்கேல்லை."

"ஓம் ஐயா."

"திருத்தி எழுதியிருக்கிறன். பாரும், இதில. நாடா பிடிச்சவர் எண்ட இடத்தில ஒரு கையெழுத்து வைச்சால் எல்லாம் சரி."

பேனாவை நீட்டினார். சந்தியோகு வாங்கவில்லை. கொப்பியைக் குனிந்து பார்த்தார், முன்பு எஞ்சினைப் பார்த்ததுபோல.

"நாடா நான் பிடிக்கேல்லையே ஐயா. நீங்கள் தனியத்தானே அளந்தனீங்கள்."

வல்லிபுரம் பேனாவை மூடினார். ஊர்காவற்றுறை பஸ்ஸுக்கு இன்னும் முக்கால் மணித்தியாலம் இருந்தது. அவர் கதிரையில் இருந்தார். பஸ் வரும்வரை சந்தியோகு, விருந்தினருக்குச் செய்யும் மரியாதை தவறாமல், பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார்.