தேதி இல்லாத கடல் செய்தி

நேற்று கூடுவாஞ்சேரியில் ரயிலுக்கு நின்றிருந்தபோது, நடைமேடையில் எல்லோருடைய கைப்பேசியும் ஒரே சமயத்தில் கிர்ரென்றது. மூன்று மணி நேரத்தில் இடியுடன் மழை என்று எச்சரிக்கை. யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் மட்டும் அதில் தேதி போட்டிருக்கிறதா என்று தேடினேன். வியாதி மாதிரி ஒட்டிக்கொண்ட பழக்கம்.

கைப்பேசியில் கறுப்பு எழுத்து மட்டும் தெரிந்த காலம். கேளம்பாக்கத்தில் ஒரு மாடியில் எங்கள் அலுவலகம். கம்ப்யூட்டரில் அலை, காற்று விவரங்களைச் சேர்த்து வைத்திருப்போம். மீனவர் ஒருவர் 'KADAL' என்று அனுப்பினால், கடைசியாகப் பதிந்த விவரம் அவருக்குக் குறுஞ்செய்தியாகப் போகும். அந்த நிரலை எழுதியவன் நான். அதுவரை கடலில் முழங்காலுக்கு மேல் நனையாதவன்.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்தில் அதைச் சொல்லிக் கொடுக்கப் போனேன். டீசலும் கருவாடும் கலந்த வாடை. ஏழுமலை அண்ணன் தன் போனைப் பாலித்தீன் பையில் போட்டு ரப்பர் பேண்டு சுற்றி வைத்திருந்தார்.

"கடலு இன்னா செய்யும்னு இதுக்கு எப்டி சார் தெரியும்?" என்றார். நான் செயற்கைக்கோள், சர்வர் என்று அளந்துவிட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுப் பொரித்த நெத்திலி கொடுத்தார்.

ஒரு செய்திக்கு நூற்று அறுபது எழுத்துதான். "கம்பெனி பேரு வரணும்பா. எதையாவது தூக்கு," என்றார் மேனேஜர். நான் தேதியைத் தூக்கினேன். இன்றைய செய்தி இன்றைக்குத்தானே போகப்போகிறது என்று நினைத்தேன்.

ஒருநாள் சாலையில் பள்ளம் தோண்டியவர்கள் இணையக் கேபிளை வெட்டிவிட்டார்கள். புது விவரம் வரவில்லை. நிரல் தன் பாட்டுக்கு முந்தாநாள் விவரத்தையே அனுப்பிக்கொண்டிருந்தது: காற்று குறைவு, அலை குறைவு. காலையில் கடலுக்குப் போன ஏழுமலை அண்ணனின் ஃபைபர் படகு பத்து மணிக்கெல்லாம் கவிழ்ந்தது. அவரை வேறொரு படகு தூக்கியது. படகில் கூடப் போயிருந்த அவர் தம்பி முனுசாமியின் உடல் மூன்றாம் நாள் கரை ஒதுங்கியது.

மேனேஜர் என்னைத்தான் அனுப்பினார். "நெட்வொர்க் கோளாறுன்னு சொல்லு. வேற எதுவும் பேசாதே."

ஏழுமலை அண்ணன் வாசலில் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்தார். "மானம் கருத்துகினு கீது, வேணாம்னான் சார் தம்பி. நாந்தான் மெசேஜைக் காட்டி இட்னு போனேன்," என்றார். பிறகு, "அது என்னிக்கு மெசேஜு சார்?" என்று கேட்டார்.

"நெட்வொர்க்குல லேட்டாயிருக்கும்ணே. பழசு பிந்தி வந்திருக்கும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப இன்னும் கொஞ்சம் காத்துகினு இருந்தா புதுசு வந்திருக்குமா?"

புதுசு என்று ஒன்று எங்களிடம் இருக்கவே இல்லை. நான்கு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். வேலை போயிருக்கும், அவ்வளவுதான்.

"வந்திருக்கலாம்ணே," என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். உள்ளே யாரையோ கூப்பிட்டு, "சாருக்கு சோடா வாங்கியாரச் சொல்லு," என்றார். அதையும் குடித்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.

மறுநாளே தேதியைச் சேர்த்துவிட்டேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. இரண்டு வருடத்தில் கம்பெனி மூடியது. அந்த மாடியில் இப்போது உடற்பயிற்சிக் கூடம். சர்வரைப் பழைய இரும்புக்காரர் எடுத்துப் போனார்.

போன வருடம்தான் குப்பத்துக்குப் போகத் துணிவு வந்தது. அவர் வீடு இருந்த வரிசையையே கடல் தின்றிருந்தது. அங்கே கருங்கல் கொட்டிவைத்திருந்தார்கள். வலையைச் சரிசெய்துகொண்டிருந்த ஒருவரிடம் விசாரித்தேன்.

"ஏழுமலையா? அவரு செத்து ஆறு வருசம் ஆவுது சார். தம்பி போனப்புறம் கடல்ல காலே வெக்கல. 'கொஞ்சம் காத்துகினு இருந்திருக்கலாம், கொஞ்சம் காத்துகினு இருந்திருக்கலாம்'னு பொலம்பிகினே இருப்பாரு. நீங்க இன்னா விசயமா வந்தீங்க?"

"சும்மாதான்," என்றேன்.