பதினான்காம் எண் கல்

நிலவியல் துறை ஆய்வகத்தில் இருந்த நானூற்றுச் சொச்சம் கற்களுக்கும் அவர்தான் பொறுப்பு. பதவி உதவியாளர், மாணவர்கள் வைத்த பெயர் கல்லக்கா. பெருக்கித் துடைக்கத்தான் வேலைக்குச் சேர்ந்தார். பத்தொன்பது வருடத்தில், கண்ணை மூடிக்கொண்டு கையில் எடுத்தாலே இது பாரைட், இது ஜிப்சம் என்று கனத்தை வைத்துச் சொல்லிவிடுவார். அந்தக் கர்வம் அவருக்கு உண்டு. ஏன் இருக்கக் கூடாது? எந்தக் கல் எந்த டிராயரில் என்று பேராசிரியர்களே அவரைத்தான் கேட்பார்கள். அரிசியில் கல் கிடந்தால் அது என்ன கல் என்று சொல்லிவிட்டுத்தான் எடுத்துப் போடுவாள் என்று வீட்டுக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் அளந்துவிடுவார்.

அந்த வருடம் மேற்பார்வையாளர் பதவி உயர்வு அவர் முறை. பைலில் கரும்புள்ளி எதுவும் விழாமல் இருந்தால் போதும்.

அப்போது பார்த்து, முதலாம் ஆண்டு செய்முறைத் தேர்வில் பதினான்காம் எண் கல் குட்டையைக் குழப்பியது. அது டோலமைட். பார்க்கக் கால்சைட் மாதிரியே இருக்கும். நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் கால்சைட் பொங்கும், டோலமைட் சும்மா கிடக்கும். முதல் பதினொரு பேர் டோலமைட் என்று சரியாக எழுதியிருந்தார்கள். பன்னிரண்டாவது ஆளிலிருந்து இருபத்தாறு பேர் வரிசையாகக் கால்சைட் என்று எழுதியிருந்தார்கள். புதிதாக வந்த பேராசிரியைக்குச் சந்தேகமே இல்லை, ஈயடிச்சான் காப்பி. இருபத்தாறு பேரும் முதலாம் ஆண்டையே திரும்பப் படிக்க வேண்டும் என்று கடிதம் தயாரித்துவிட்டார்.

விடைத்தாள்களை அடுக்கப் போன இடத்தில் கல்லக்கா அந்தக் கடிதத்தைப் பார்த்தார். நடந்தது என்ன என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். வாயைத் திறந்தால் பழி தன் தலையில்; திறக்காவிட்டால் பதவி உயர்வு. விடைத்தாள்களை அடுக்கி முடித்தார். பிறகு அந்தக் கல்லை எடுத்துக்கொண்டு பேராசிரியையின் அறைக்குள் போனார்.

“மேடம், பசங்க காப்பியடிக்கல. ரெண்டு நிமிஷம் இதப் பாருங்க.”

கல்லைக் கழுவித் துடைத்து அமிலம் விட்டார். ஒன்றும் நடக்கவில்லை. ஆணியால் நாலு கீறு கீறி, உதிர்ந்த பொடியின் மேல் ஒரு சொட்டு விட்டார். நுரைத்தது. டோலமைட் பொடியானால் அமிலத்தில் நுரைக்கும் என்று பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. கடினத்தன்மை பார்க்க ஒவ்வொரு மாணவரும் கீறுவார்கள்; ஒருவர் முடித்ததும் கல்லைக் கழுவி வைப்பது கல்லக்காவின் வேலை. பதினொரு பேர் வரை செய்தார். அப்புறம் செய்யவில்லை; முந்தைய ஆள் கீறிய பொடி கல்லிலேயே கிடந்து, அடுத்தவர் விட்ட அமிலத்தில் கால்சைட் மாதிரி நுரைத்தது.

பேராசிரியை கடிதத்தைக் கிழித்துப் போட்டார். மறுதேர்வு வைக்கலாம், ஆனால் மேலிடத்துக்குக் காரணம் எழுத வேண்டும் என்றார். பதவி உயர்வு விஷயம் அவருக்கும் தெரியும். ‘வேலைப்பளு காரணமாக’ என்று எழுத ஆரம்பித்தார்.

“வேலை ஒண்ணும் அதிகமில்ல மேடம். தங்கச்சிகிட்ட போன்ல பேசிட்டிருந்தேன். அதையே எழுதுங்க.”

“நல்லா யோசிச்சுக்கோங்க அக்கா.”

“யோசிச்சுட்டுத்தான் வந்தேன்.”

நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். பதவி வேறொருவருக்குப் போனது. வலிக்கத்தான் செய்தது, நாலு நாள் வீட்டில் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. அடுத்த வருடம் அந்த இருபத்தாறு பேரும் மறுதேர்வில் தேறி, இரண்டாம் ஆண்டு மாணவர்களாக ஆய்வகத்துக்குள் வந்தார்கள். முதல் நாளே அவர்களை வரிசையாக நிற்க வைத்து, கல்லில் கிடந்த பொடியை ஊதிக்கூடத் தள்ளாமல் அமிலம் ஊற்றிய புத்திசாலிகள் யார் யார் என்று கேட்டார் கல்லக்கா.