ஒளித்துவைத்த பிள்ளை

பீர்மேட்டுச் சரிவில் இருக்கும் அந்த எஸ்டேட் அங்கன்வாடிக்கு வெளியூரிலிருந்து ஓர் ஆலோசகர் வருகிறார் என்றதும் முத்துப்பேச்சி டீச்சருக்குத் தலைகால் புரியவில்லை. அவளாகக் கேட்டு வாங்கிய ஆள் அல்லவா! பதினேழு வருட சர்வீஸில் முதன்முறையாக மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று, "என்னால முடியல, வெவரம் தெரிஞ்ச யாரையாச்சும் அனுப்புங்க" என்று வாய் திறந்திருந்தாள்.

காரணம் ஜிதின். தேயிலைக் கொழுந்து கிள்ளும் இன்பமேரியின் நாலு வயது மகன். பார்த்தால் பரம சாது, கடித்தால் பல் பதியும். ஒரே மாதத்தில் ஆறு பிள்ளைகள். கடைசியாக சோனா என்ற சிறுமியின் தோளில் கடித்தபோது அவள் அம்மா இன்னும் இரண்டு தாய்மார்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். திங்கட்கிழமைக்குள் இதற்கு ஒரு வழி பண்ணாவிட்டால் எங்கள் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்றார்கள். அவனை நிறுத்தினாலோ இன்பமேரி வேலையை விட வேண்டியதுதான், வீட்டில் பார்த்துக்கொள்ள வேறு ஆளில்லை. முத்துப்பேச்சியும் எஸ்டேட் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் பிறந்து, நாலு வருடம் கொழுந்துக்கூடை சுமந்துவிட்டு டீச்சரானவள். அந்தக் கஷ்டத்தை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இவ்வளவு பாடுபட்டு ஆளை வரவழைத்தவள் என்ன செய்தாள் தெரியுமா? முந்தின நாள் சாயங்காலமே இன்பமேரியிடம், "நாளைக்கும் மறுநாளும் ஜிதினைக் கொண்டாராத" என்று சொல்லிவிட்டாள்! வெளியாள் வந்தால் தரையைக் கழுவி, சுவர் ஓட்டையில் படம் ஒட்டி, முரண்டு பிடிக்கும் பிள்ளையை வீட்டில் நிறுத்தித்தான் அவளுக்குப் பழக்கம். கை தானாக அதைச் செய்துவிட்டது.

வியாழக்கிழமை ஜீப்பில் வந்து இறங்கினாள் யோகப்பிரியா. பாலக்காட்டின் கிழக்குப் பக்கத்துக்காரி, முப்பது வயதிருக்கும். பிள்ளைகள் பாடின, ஆடின, வரிசையில் நின்று கை கழுவின. அப்படியொரு ஒழுங்கை முத்துப்பேச்சியே பார்த்ததில்லை. மத்தியானம் யோகப்பிரியா நோட்டை மூடினாள்.

"அருமையா நடத்தறீங்க டீச்சர். எனக்கு இங்க வேலையே இல்லீங்களே. நாளைக்கு வேற சென்டர் பாத்துக்கறனுங்க."

முத்துப்பேச்சி பின்னாலேயே ஓடினாள். ஜீப் ஏறப்போனவளின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பொய் சொல்லிட்டேன் மேடம். இந்தா வாரேன், போயிராதீங்க!"

தேயிலைக்குள் விழுந்தடித்து ஓடி, அம்மாவின் சாக்குக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஜிதினைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்து நின்றாள். யோகப்பிரியா சிரித்துவிட்டாள்.

"நான் மார்க் போட வரலீங்க. நீங்க சிரமப்படற எடத்தப் பாக்கத்தானுங்க வந்தேன்."

வெள்ளிக்கிழமை இருவரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டுக்குக் கால் மணி இருக்கும்போது கட்டைகளைப் போட்டுவிட்டு எழுந்தான். பின்சுவரைப் பார்த்து அசையாமல் நின்றான். அப்புறம் திரும்பி, பக்கத்தில் கிடைத்த கையைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனான். முத்துப்பேச்சி பாய்ந்து பிரித்தாள்.

"ஒரு மூலைல படப் புத்தகம் குடுத்துத் தனியா உக்கார வெச்சுப் பாக்கலாமுங்களா?" என்றாள் யோகப்பிரியா.

வழக்கமாக இருந்தால் முத்துப்பேச்சி தலையாட்டியிருப்பாள். நேற்றைய பொய்யோடு அந்தப் பழக்கமும் போய்விட்டது போலிருக்கிறது.

"ஆகாது மேடம். தனியா வெச்சா இன்னும் ஆங்காரம் வரும். செஞ்சு பாத்துட்டேன்."

யோகப்பிரியா நோட்டில் எழுதியதை அடித்தாள். "சரிங்க. கடிக்கறதுக்கு முந்தி அந்தச் சுவத்தையே பாத்தானே, அதுக்குப் பின்னால என்னங்க இருக்குது?"

முத்துப்பேச்சி இத்தனை நாளும் அவன் பல்லைத்தான் பார்த்தாள், அவன் எதைப் பார்க்கிறான் என்று பார்க்கவில்லை. இப்போது காதைத் தீட்டினாள். கொழுந்து ஏற்ற வரும் டிராக்டரின் சத்தம்! சுவருக்கு அந்தப் பக்கம் வேலி, வேலிக்கு அப்பால் கொழுந்து நிறுக்கும் இடம். தினமும் இந்நேரம் அவன் அம்மா அங்கே வருகிறாள், பேசுகிறாள், இவன் முகத்தைப் பார்க்காமலே மலையேறிவிடுகிறாள்.

"ஆத்தாடி! அவ குரலு இவனுக்குக் கேக்குது மேடம்!" முத்துப்பேச்சி சுவரைக் காட்டினாள்.

"அப்ப வேலிகிட்ட கூட்டிட்டுப் போலாமுங்களா?"

"இவனை மட்டும் கூட்டிட்டுப் போனா மத்ததுக சும்மா இருக்குமா? எல்லாம் போனா அழுதுகிட்டு ஆத்தா பின்னால ஓடிரும். ஒரு வேலை குடுத்தாத்தான் நிக்கும்." ஒரு கணம் யோசித்தவள் துள்ளினாள். "எடை போடறவரு சொல்ற எடைய இதுகளும் திருப்பிச் சொல்லட்டும்!"

பதின்மூன்று பிள்ளைகளும் வேலிக்கு ஓடின. எடை போடுகிறவர், "இன்பமேரி, இருபத்தாறு" என்றார். "இன்பமேரி, இருபத்தாறூ!" என்று வேலியே கத்தியது. சாக்கைப் பிடித்திருந்த பெண்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கடிக்கிற அந்த வாய் எல்லோரையும்விடப் பெரிதாகத் திறந்து, "எங்கம்மா! எங்கம்மா!" என்றது. இன்பமேரி இரண்டு கையையும் ஆட்டினாள். அடுத்து சோனாவின் அம்மா பெயர், அதற்கும் அதே கூச்சல். யோகப்பிரியா எழுத மறந்து கை தட்டிக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை மூன்று தாய்மார்களும் பிள்ளைகளோடுதான் வந்தார்கள். சோனாவின் அம்மா மட்டும், "இன்னைக்கு ஒரு நா பாப்போம் டீச்சர்" என்று முறைப்பாகச் சொல்லிவிட்டுப் போனாள். முத்துப்பேச்சிக்குக் காலையிலிருந்து இருப்புக் கொள்ளவில்லை. பன்னிரண்டுக்குக் கால் மணி. ஜிதின் கட்டையைப் போட்டுவிட்டு எழுந்து சுவரைப் பார்த்தான். அவனுக்கு மிக அருகில் இருந்தது சோனா. முத்துப்பேச்சி எழுந்துவிட்டாள்.

அவள் போய்ச் சேருவதற்குள் சோனா அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

"வாடா, ஒங்கம்மா வந்துட்டாங்க!"