கழுத்தை வெட்டிய மோட்டார் சைக்கிள்

கொழும்பில், கொள்ளுப்பிட்டியில் ஒரு காப்புறுதிக் கம்பனியில் நான் கிளார்க். வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் வாடகை அறை. இரண்டுக்கும் இடையில் பஸ்ஸில் அரை மணி நேரம்கூட இல்லை. ஆனால் யுத்த காலம், வழியில் ஒரு சோதனைச் சாவடி இருந்தது. பொலிஸ்காரன் பஸ்ஸின் தகரத்தில் தட்டி "பஹின்ன, பஹின்ன" என்பான். எல்லோரும் இறங்கி, பையைத் திறந்து, அடையாள அட்டையை நீட்டியபடி இரும்புத் தடுப்புக்குப் பக்கத்தால் வரிசையாக நடந்து, அந்தப் பக்கம் போய் மறுபடி ஏற வேண்டும். அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்தால் வரிசையை விட்டு விலகி ஓரமாக நிற்க வேண்டும். திருப்பிக் கேட்பான், திருப்பிப் பார்ப்பான். அதற்குள் பஸ் போய்விடும்.

பயம் என்று சொல்ல மாட்டேன். பயந்தவர்கள் வேறு. அவர்கள் சிரித்துக்கொண்டே அட்டையைக் கொடுத்தார்கள், "சேர், சேர்" என்றார்கள், அந்தப் பக்கம் ஏறியதும் கனடா விசாவைப் பற்றிக் கதைத்தார்கள். எனக்கு அது அருவருப்பாக இருந்தது. இறங்காமல் அந்த இடத்தைக் கடக்க வேண்டும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். அதற்காக நான் செய்ததைக் கேட்டால் என்னை மதிக்க மாட்டீர்கள். நானும் மதிப்பதில்லை.

முதலில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினேன். ஒற்றை சிலிண்டர், இருநூறு சீசீ. அதிலும் நிறுத்தினார்கள். முதுகைக் குனிந்து, சாப்பாட்டுப் பையைக் கழுத்தில் மாட்டி, ஹெல்மெட்டுக்குள் வியர்த்துக்கொண்டு வருகிறவனை யார்தான் நிறுத்தாமல் விடுவான்? நானாக இருந்தாலும் நிறுத்துவேன்.

அந்த நேரம் சலூனில் ஒரு பழைய வெளிநாட்டுச் சஞ்சிகை கிடந்தது. அதில் சொப்பர் மோட்டார் சைக்கிள்கள். முன்சில்லு நெடுந்தூரம் தள்ளிப் போயிருக்கும், கைபிடி தோளுக்கு மேலே நிற்கும். ஓட்டுகிறவன் பின்னால் சாய்ந்து, காலை முன்னுக்கு நீட்டி, சாய்மனைக் கதிரையில் கிடக்கிற மாதிரிக் கிடப்பான். இப்படி உட்கார்ந்து வருகிறவனிடம் எவனும் அட்டை கேட்க மாட்டான் என்று எனக்குப் பட்டது. வயது இருபத்தெட்டு. முட்டாளாக இருக்கிற வயது இல்லை. ஆனாலும் இருந்தேன்.

எனக்குத் தெரிந்த வெல்டர் ஒருவன் கொட்டாஞ்சேனையில் இருந்தான். மன்னார்க்காரன், என் வயது. முன்பு லொட்ஜில் ஒரு வருடம் ஒரே அறையில் கிடந்தோம். ஒரு வீட்டின் பின்னால் தகரக் கொட்டில் எடுத்து யன்னல் கிறில் செய்துகொண்டிருந்தான். கொட்டிலிலேயே படுக்கை. வீட்டில் யார் யார் தங்குகிறார்கள் என்று பொலிஸில் பட்டியல் கொடுக்க வேண்டிய காலம் அது. வீட்டுக்காரர் இவன் பெயரைக் கொடுக்கவில்லை. கொடுத்தால் கேள்வி வரும் என்று பயம். அதே வீட்டுக்காரர் ஞாயிறு தவறாமல் மாதா கோயிலில் முன்வாங்கில் இருந்தார்.

சஞ்சிகையிலிருந்து கிழித்த தாளைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தான்.

"மச்சான், இந்த வெள்ளைக்காரனுக்கு இடுப்பு நோவோ?"

"செய்யேலுமோ, ஏலாதோ?"

"ஏலும். கழுத்தை வெட்டோணும்."

முன்சில்லைத் தாங்குகிற குழாய் சட்டத்தோடு சேருகிற இடத்தைத்தான் கழுத்து என்றான். அதை வெட்டிச் சரித்து மறுபடி ஒட்டினால்தான் சில்லு முன்னுக்குப் போகும்.

ஐந்து ஞாயிற்றுக்கிழமைகள் வேலை செய்தோம். வேலை செய்தது அவன். நான் பிடித்துக்கொண்டு நின்றேன். முன்சில்லைப் பிடிக்கிற இரண்டு குழாய்களையும் லேத் பட்டறையில் கொடுத்து நீட்டினோம். பின் ஸ்பிறிங் இரண்டையும் கழற்றி எறிந்துவிட்டு வெறும் பைப்பை வைத்து ஒட்டினான். கைபிடிக்குப் பைப்புக்குள் மணல் நிரப்பிச் சுடவைத்து வளைத்தான். சீற்றுக்குப் பின்னால் முதுகு சாயக் கிறில் கம்பியிலே ஒரு சாய்வு செய்து, அதன் உச்சியில் கேற்றுக்கு வைக்கிற ஈட்டி முனை ஒன்றையும் நட்டுவிட்டான்.

"இது என்னத்துக்கு?"

"காகம் இராமல் இருக்க."

அவனுடைய வேலையில் ஒரு பழக்கம் இருந்தது. ஒட்டின இடம் தெரியக்கூடாது. அந்தப் பழக்கத்தை அவனுக்குக் கொடுத்தது வெள்ளவத்தைச் சனம். மாடிக் குடியிருப்பில் பிளட் வாங்கிய பெரிய மனிதர்கள் கிறிலில் விரலை ஓட்டிப் பார்ப்பார்கள். ஒரு முடிச்சுத் தட்டுப்பட்டால் போதும், அதைச் சொல்லிச் சொல்லியே விலையைக் குறைப்பார்கள். அதனால் இவன் எதை ஒட்டினாலும் கிறைண்டரை எடுத்து முழுவதையும் கண்ணாடி மாதிரி மழித்துவிடுவான். நானும் சொன்னேன், "கழுத்து ஒரே குழாய் மாதிரி இருக்கோணும், ஒரு கீறல் தெரியக்கூடாது" என்று. இந்த வாயால்தான் சொன்னேன். மழித்தான். கறுப்புப் பெயின்ற் அடித்தான். தடவிப் பார்த்து நன்றாக இருக்கிறது என்றேன்.

முதல் நாள் வீட்டுக்கு ஓட்டி வந்தபோது என் வீட்டுக்காரர் வாசலில் நின்றார். இளைப்பாறிய பெரிய உத்தியோகத்தர். சேட் போடாமல் பத்திரிகையோடு நிற்பார்.

"தம்பி, மோட்டார் சைக்கிளுக்கு யானைக்கால் வந்திட்டுதோ?"

ஹெவ்லொக் டவுனிலிருந்து ஒரு கூட்டம் பெரிய இரட்டை சிலிண்டர் வண்டிகளில் கடற்கரைக்கு வரும். அப்பன்மார் காசில் வாங்கியவை. அதில் ஒருத்தன் என் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "அண்ணை, சட்டைக்குப் பொத்தானும் தைப்பியளோ?" என்றான். சிரித்தார்கள். சத்தம் தையல் மெசின் மாதிரித்தான் இருந்தது, பொய் சொல்ல முடியாது. வளைவில் திரும்பாது. பள்ளத்தில் விழுந்தால் முதுகெலும்பு தலைக்குள் ஏறும்.

ஆனால் சோதனைச் சாவடியில் அது வேலை செய்தது. அதுதான் கேவலம். முதல் நாள் தடுப்பண்டை நின்ற பொலிஸ்காரன் என்னைப் பார்த்து வாயைப் பிளந்தான். பிறகு பல்லைக் காட்டி, "மரு!" என்று கையால் போகச் சொன்னான். சிங்களத்தில் அதற்குப் பிரமாதம் என்று அர்த்தம். நிறுத்தவில்லை. பஸ்ஸால் இறங்கி வரிசையில் நின்றவர்களைப் பார்த்துக்கொண்டே சாய்ந்தபடி போனேன். அதில் என் கந்தோரில் வேலை செய்கிற இரண்டு பேர் நின்றார்கள். கை காட்டினேன். எப்படிப்பட்டவன் நான் என்பதற்கு இதுவே போதும்.

மூன்று கிழமை அப்படிப் போனேன். ஒருவரும் அட்டை கேட்கவில்லை.

நாலாம் கிழமை அங்கே புதுச் சார்ஜன்ற் ஒருவர் வந்திருந்தார். நிறுத்தினார். அட்டைக்காக இல்லை. அந்த ஆளுக்கு மோட்டார் சைக்கிள் என்றால் உயிர். ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். ஈட்டியைத் தொட்டுச் சிரித்தார். முழங்காலிட்டு வண்டியின் கழுத்தைத் தடவினார். "மல்லி, நல்ல வேலை" என்று தம்பி முறை வைத்துச் சிங்களத்தில் சொல்லிக்கொண்டே மறுபடி தடவினார். கை நின்றது. டோர்ச்சை அடித்தார்.

"நம்பர் எங்கே?"

சேசிஸ் இலக்கம் கழுத்தின் வலப்பக்கத்தில்தான் அடித்திருக்கும். மழித்துவிட்டோம். வண்டிப் புத்தகம் என் பையில் இருந்தது, இலக்கம் அதில் இருந்தது, வண்டியில் இல்லை. கொழும்பில் குண்டு வெடித்துக்கொண்டிருந்த காலத்தில், யாழ்ப்பாணத்தில் பிறந்த ஒருத்தன், இலக்கத்தை அழித்த வண்டியில், ஒவ்வொரு நாளும் சாவடியைக் கடந்து போயிருக்கிறான். சார்ஜன்றின் முகத்தில் சிரிப்பு போன விதத்தை இப்போதும் சொல்ல முடியும்.

ஸ்ரேசனில் ஒரே கேள்வி. யார் செய்தது? வெல்டரின் பெயர் பொலிஸ் பட்டியலில் இல்லை. சொன்னால் அவனுக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். "மமய்," என்றேன். நானேதான்.

சார்ஜன்ற் தலையாட்டினார். முந்தின நாள் லொறி ஒன்று இடித்து இரும்புத் தடுப்பு ஒன்றின் கால் முறிந்து முற்றத்தில் கிடந்தது. எதிர்க் கராஜிலிருந்து வெல்டிங் பெட்டியை எடுப்பித்து என் முன்னால் வைத்தார்.

"ஒட்டு."

ஐந்து ஞாயிறு பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். கையில் எடுத்ததில்லை. கம்பி இரும்போடு ஒட்டிக்கொண்டது. இழுத்தேன், கழன்றது. மறுபடி ஒட்டிக்கொண்டது. சுற்றி நின்ற பொலிஸ்காரர்கள் சிரித்தார்கள். கடைசியில் கால் நின்றது, கோணலாக, ஒட்டின இடம் புற்றுநோய் மாதிரி வீங்கி. சார்ஜன்ற் அதைக் காலால் தட்டினார். விழுந்துவிட்டது.

"இப்ப சொல்லு. இல்லாட்டி மேலே அனுப்புவன், அங்கே கேட்பினம்."

சொன்னேன். பெயர், ஒழுங்கை, பின்கொட்டில், எல்லாம். யாரும் அடிக்கவில்லை. ஒரு அறைகூட விழவில்லை. அடித்ததால்தான் சொன்னேன் என்று பிறகு ஊருக்கெல்லாம் சொல்லித் திரிந்தேன். பொய்.

அடுத்த நாள் காலை அவனை ஜீப்பில் கொண்டுவந்தார்கள். இடுப்பில் கட்டிய சாரத்தோடு இறங்கினான். என்னைப் பார்க்கவில்லை. முற்றத்தில் கிடந்த தடுப்பைப் பார்த்தான்.

"இதை ஆர் ஒட்டினது?"

"நான்."

"கோழி பீச்சின மாதிரிக் கிடக்கு."

சார்ஜன்ற் அதையே அவனிடம் கொடுத்தார். அவன் என் ஒட்டைச் சுரண்டி எறிந்துவிட்டு இரண்டு நிமிடத்தில் ஒட்டினான். பிறகு கிறைண்டர் கேட்டான். பொலிஸ் ஸ்ரேசனில், விலங்கைக் கழற்றி அரை மணி ஆகாத நேரத்தில், கிறைண்டர் கேட்டான். சார்ஜன்ற் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு வண்டியின் கழுத்தைப் போய்த் தடவினார். ஒரே கை என்று நம்பினார். எஞ்சின் இலக்கம் புத்தகத்தோடு சரியாக இருந்தது. அன்று பின்னேரம் என்னை விட்டார்கள்.

அவனை விடவில்லை, பதிவு இல்லை என்று. நாலு நாள் வைத்திருந்தார்கள். அந்த நாலு நாளும் ஸ்ரேசனில் உடைந்து கிடந்த தடுப்புகள் எல்லாவற்றையும் அவனைக் கொண்டே செய்வித்தார்கள். விட்டபோது நான் வாசலில் நின்றேன். கொட்டிலிலிருந்த அவனுடைய சாமான்களை வீட்டுக்காரர் ஒழுங்கையில் தூக்கிப் போட்டுவிட்டார் என்பதையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"மச்சான், வேற வழியில்லை, அதுதான் பேரைச் சொன்னனான்," என்றேன்.

"பேரைச் சொன்னதுக்கு ஒண்டுமில்லை. ஆரெண்டாலும் சொல்லுவான்." சாரத்தை உதறிக் கட்டினான். "நீ செய்ததெண்டு சொன்னியாமே. என்ர வேலையை. அந்தக் கையால."

மட்டக்குளியில் தெரிந்த ஆட்களிடம் போவதாகச் சொன்னான். போனான். பிறகு நான் தேடிப் போகவில்லை. போகத் துணிவில்லை.

வண்டியைக் கேட்டு மோட்டார் வாகனத் திணைக்களத்துக்குப் போனேன். வண்டியின் சட்டத்தைப் பழையபடி ஆக்கிக் கொண்டு வந்தால் புது இலக்கம் அடிக்கலாம் என்றார்கள். வெட்டிய கழுத்தை யாரைக் கொண்டு பழையபடி ஆக்குவது? அது ஸ்ரேசன் மதிலில் சாய்ந்தபடி கிடந்தது. முன்சில்லு காற்றுப் போய், பிறகு சில்லே இல்லாமல். இரண்டாம் மழைக்குப் பிறகு அதையும் காணவில்லை.

நான் பஸ்ஸுக்குத் திரும்பினேன். "பஹின்ன, பஹின்ன." இறங்கினேன். சாவடியில் புதிதாகப் பெயின்ற் அடித்த தடுப்பு வைத்திருந்தார்கள். மஞ்சளும் கறுப்பும். இரண்டு முனையிலும் கேற்று ஈட்டி. சார்ஜன்றுக்கு அது பிடித்திருக்க வேண்டும், கேட்டு வைப்பித்திருப்பார். வரிசை நகர நகர அதன் பக்கத்தில் வந்தேன். காலும் சட்டமும் சேருகிற இடத்தில் ஒட்டே தெரியவில்லை. என்னை அறியாமல் விரலை ஓட்டினேன்.

"அத கண்ட!" என்று பொலிஸ்காரன் சிங்களத்தில் கத்தினான். கையை எடுத்தேன். எடுத்த கையால் அடையாள அட்டையை நீட்டினேன். பிறந்த இடத்தைப் படித்துவிட்டு ஓரமாக நிற்கச் சொன்னான். ஈட்டிக்குப் பக்கத்தில் நின்றேன். பஸ் போய்விட்டது.