அங்கீகாரம் இருக்கு என்று சொன்னவள்

மாணவர்கள் அவளை ஃபார்ம் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஒரு தனியார் கல்லூரியின் தரைத்தளத்தில், அரைவட்டத் துளை போட்ட கண்ணாடிக்குப் பின்னால் பதினான்கு வருடம் உட்கார்ந்திருந்தாள். சேர்க்கை விண்ணப்பம் கொடுப்பது, வாங்குவது, வருகிற தபாலை ஒரு தடித்த பதிவேட்டில் எண்ணும் தேதியும் போட்டு ஏற்றுவது, இவ்வளவுதான் வேலை. கணவன் இறந்த பிறகு அண்ணன் வீட்டு மாடி அறைக்கு வந்துவிட்டாள். அண்ணன் பேருந்து ஓட்டுநர். அவருக்கு ஒரே மகள். பிள்ளையில்லாத அத்தைக்கும் அவள்தான் மகள்.

விண்ணப்பம் வாங்க வரும் பெற்றோர் கேட்காத கேள்வி இல்லை. விடுதியில் தண்ணீர் வருமா, போனை வாங்கி வைத்துக்கொள்வார்களா, சாயங்காலம் எத்தனை மணிக்கு விடுவார்கள்... நூற்றில் ஒருவர்தான் "இந்தப் படிப்புக்கு அங்கீகாரம் இருக்கா?" என்று கேட்பார். "இருக்குங்க" என்பாள், எழுதுவதை நிறுத்தாமலே. அது பொய்யில்லை. அப்போது இருந்தது.

ஆனால் அது ஒருமுறை வாங்கினால் ஆயுசுக்கும் நிற்கிற விஷயம் இல்லை. கல்லூரி நடத்த அரசாங்கம் தருகிற அனுமதி வேறு. ஒரு படிப்பில் ஆசிரியர்கள் போதுமா, ஆய்வகம் ஒழுங்கா, பயிற்சிக்கு மருத்துவமனை உண்டா என்றெல்லாம் வெளியாட்கள் வந்து பார்த்துத் தருகிற அங்கீகாரம் வேறு. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். லேப் டெக்னீஷியன் படிப்புக்கு அந்தக் கெடு வந்தபோது, ஆய்வுக்குழு வருவதற்கு முதல் நாள், வேறொரு கல்லூரியிலிருந்து வேன் நிறைய மைக்ராஸ்கோப்கள் வந்து இறங்கின. அவற்றில் ஒட்டியிருந்த பழைய ஸ்டிக்கரைச் சுரண்டிவிட்டு இந்தக் கல்லூரி ஸ்டிக்கரை ஒட்டியவர்களில் அவளும் ஒருத்தி. யாரும் பார்த்தறியாத மூன்று பேராசிரியர்களின் பெயர்கள் கதவுகளில் முளைத்தன.

"இதெல்லாம் சரியாண்ணே?" என்று பியூனிடம் கேட்டாள்.

"விருந்தாளி வந்தா பக்கத்து வீட்டு நாற்காலிய வாங்கிப் போடுறதில்லையா, அது மாதிரிதாம்மா. அவங்க போனதும் திருப்பிக் குடுத்துருவோம்" என்றார் அவர். அவளும் சிரித்துவிட்டாள்.

வந்தவர்கள் சிரிக்கவில்லை. இரண்டு மாதம் கழித்து, அங்கீகாரம் தருகிற கவுன்சிலிடமிருந்து பதிவுத் தபால் வந்தது. அவள்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினாள். உறையைப் பிரிப்பது முதல்வர் வேலை. ஆனால் பதிவேட்டில் பொருள் எழுத வேண்டுமே என்று பிரித்து முதல் வரியை மட்டும் எட்டிப் பார்த்தாள். 'புதுப்பிக்க இயலாது' என்று இருந்தது. அதை அப்படியே பதிவேட்டில் ஏற்றி, சில நாள் கழித்து முதல்வரிடம் கேட்டாள்.

"அப்பீல் போட்டிருக்கோம்மா, வந்துரும். நீங்க பாட்டுக்கு அட்மிஷன் போடுங்க" என்றார் முதல்வர்.

அதற்கு அடுத்த மாதம் அண்ணன் மகள் பள்ளி முடித்தாள். அவளுக்கு லேப் டெக்னீஷியன் படிப்புக்கு வேறொரு ஊரிலும் இடம் கிடைத்திருந்தது. இரவு சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக்கொண்டே அண்ணன் கேட்டார், "உங்க காலேஜ்லயே சேத்துரலாமா? நீ கண்ணுக்கு எதிர்ல இருப்ப. அங்கீகாரம் அது இதுன்னு சொல்றாங்களே, அதெல்லாம் இருக்குல்ல?"

'வந்துரும்' என்றுதான் அவள் சொல்லியிருக்க வேண்டும். பதினான்கு வருடப் பழக்கம், நாக்கு முந்திக்கொண்டது.

"இருக்கு அண்ணே."

மூன்று வருடம் ஓடியது. அப்பீல் என்ன ஆயிற்று என்று அவள் ஒருமுறை பட்டும் படாமல் கேட்டாள். "ப்ராசஸ்ல இருக்கு" என்றார்கள். அதற்குமேல் கேட்கவில்லை. வருகிற தபால்களில் கவுன்சில் முத்திரை இருக்கிறதா என்று மட்டும் தினமும் பார்த்தாள். வரவே இல்லை. அண்ணன் மகள் முதல் வகுப்பில் தேறினாள். ஒரு பெரிய மருத்துவமனை, கவுன்சிலில் பதிவு செய்து எண்ணைக் கொண்டுவந்தால் வேலை என்று சொல்லிவிட்டது.

அத்தையும் அவளும் சேர்ந்துதான் கவுன்சில் அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கேயும் அதேபோல ஒரு கண்ணாடி, அதேபோல ஒரு துளை. இந்த முறை அத்தை வெளிப்பக்கம் நின்றாள். உள்ளே இருந்த பெண் சான்றிதழைப் பார்த்தாள், கணினியைப் பார்த்தாள், மறுபடி சான்றிதழைப் பார்த்தாள்.

"இந்தப் படிப்பு எங்க பட்டியல்ல இல்லம்மா."

"காலேஜ் இருக்குங்களே. நல்லாப் பாருங்க" என்றாள் அண்ணன் மகள்.

"காலேஜ் இருக்கு. அதுல ரெண்டு படிப்புக்கு அங்கீகாரமும் இருக்கு. உங்க படிப்புக்கு மூணு வருஷம் முன்னாடியே போயிருச்சு. நீங்க அதுக்கப்புறம் சேந்திருக்கீங்க. பதிவு எண் குடுக்க முடியாது."

"நான் எல்லாப் பேப்பரும் பாஸ் பண்ணிருக்கேன் மேடம்."

"நீங்க படிக்கலன்னு யாரும் சொல்லல. ஒழுங்காச் சொல்லிக் குடுத்தாங்கன்னு உத்தரவாதம் தர ஆளில்லை. உங்க ரிப்போர்ட்ட நம்பித்தானே டாக்டர் மருந்து எழுதணும்? மேல படிக்கணும்னாலும் இதை எங்கயும் எடுத்துக்க மாட்டாங்க." பிறகு குரலைத் தணித்தாள். "சேர்றதுக்கு முன்னாடி எங்க வெப்சைட்ல பாத்திருந்தா ரெண்டு நிமிஷ வேலை. யாரும் சொல்லலையா?"

அண்ணன் மகள் மெதுவாகத் திரும்பி அத்தையைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்கு முன்னால் நிற்க முடியாமல் அவள் சான்றிதழை உறைக்குள் போடுவதுபோலக் குனிந்துகொண்டாள். உறையின் ஓரம் கிழிந்தது.

வீட்டில் அண்ணன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "தெரியாமச் சொன்னியா, தெரிஞ்சே சொன்னியா? அத மட்டும் சொல்லு" என்றார்.

மென்று முழுங்க அவளுக்கு ஒன்றும் மிச்சமில்லை. "லெட்டர் வந்தது தெரியும் அண்ணே. வந்துரும்னு சொன்னாங்க, நம்பிட்டேன்."

அண்ணி எழுந்து உள்ளே போனாள். அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு, முறை இல்லாத நாளிலும் டிப்போவுக்குக் கிளம்பிவிட்டார்.

மறுநாள் ஃபார்ம் அக்கா வழக்கம்போல வேலைக்குப் போனாள். பதிவேட்டில் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்து, தன் கையெழுத்தையும் தேதியையும் போனில் படம் பிடித்தாள். பதிவு எண் கிடைக்காத மாணவர்கள் போய்க் கேட்டபோது, அங்கீகாரம் போன விஷயம் தங்களுக்குத் தாமதமாகத்தான் தெரியும் என்று கல்லூரி சொன்னது. சேர்க்கை தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே கடிதம் வந்துவிட்டது என்பதற்கு அந்த ஒரு வரிதான் சாட்சி. அந்த மாணவர்கள் சேர்ந்து கவுன்சிலுக்குக் கொடுத்த மனுவோடு அதையும் சேர்த்துக் கொடுத்தாள். விசாரணைக்கு நேரில் போய், ஸ்டிக்கர் ஒட்டியதையும் சேர்த்துச் சொன்னாள். அன்று மாலையே கல்லூரி வாட்ச்மேன் அவளை உள்ளே விடவில்லை. "மேலிடத்து உத்தரவுக்கா, என்ன மன்னிச்சுக்கங்க" என்று அவளுடைய டிபன் பாக்ஸை மட்டும் கொண்டுவந்து கொடுத்தார்.

கல்லூரி அந்தப் படிப்பை மூடியது. ஆனால் முடித்துவிட்டவர்களுக்குப் பின்தேதி போட்டு அங்கீகாரம் தர விதியில் இடமில்லை. ஒரு தேர்வு எழுதி, அங்கீகாரம் உள்ள கல்லூரிகளில் காலி இடம் இருந்தால் இரண்டாம் வருடத்தில் சேர்ந்துகொள்ளலாம் என்றார்கள். பாதிக்கப்பட்டவர்கள் நூற்றுப்பத்துப் பேர். இடம் கிடைத்தது முப்பத்தொரு பேருக்கு. மற்றவர்களில் ஒருத்தி துணிக்கடையில் நிற்கிறாள். ஒருவன் அந்தச் சான்றிதழைக் கொண்டுபோய் முதல்வர் அறை வாசலில் போட்டுவிட்டு எங்கோ போய்விட்டான்.

அண்ணன் மகளுக்கு இடம் கிடைத்தது, பத்து மணி நேரப் பயணத் தொலைவில். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிய அன்று மாடிப்படி வரை வந்தாள். ஏறவில்லை.

ஃபார்ம் அக்கா வேறு தெருவில் ஓர் அறை பார்த்துக்கொண்டு, ஜெராக்ஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள்.

மூன்றாவது வருடம் அவளுக்குத் தலைசுற்றல் வந்தது. டாக்டர் இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார். மருத்துவமனை ஆய்வகத்தில் முறை வந்து நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான், எதிரில் வெள்ளைக் கோட்டில் நிற்பது யார் என்று பார்த்தாள். அண்ணன் மகள் சீட்டிலிருந்த பெயரைச் சரிபார்த்து, முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையைக் கட்டி, ஒரே குத்தில் நரம்பைப் பிடித்தாள். வலிக்கவே இல்லை. கைத்திறன் அவ்வளவு சுத்தம்.

"பஞ்ச அழுத்திப் பிடிச்சுக்கோங்க. ரெண்டு மணிக்கு வந்து ரிப்போர்ட் வாங்கிக்கோங்க" என்றாள்.

பேசத் தொடங்கிய நாளிலிருந்து அத்தையை 'நீ, வா, போ' என்று மட்டுமே கூப்பிட்டவள் அவள்.

ஃபார்ம் அக்கா "சரிங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தாள்.