பால்வெட்டுக்காரனின் சாக்ஸபோன்

போன வாரம் பேரப்பிள்ளைகள் கெரம் பலகையில் வெள்ளைத் தூளைத் தூவினார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நான் மாத்தளைக்கு மேலே, தோட்டத் துரைமாரின் பழைய கிளப்பில் நின்றேன். சனிக்கிழமைகளில் அங்கேயும் பலகைத் தரையில் இதே தூளைத்தான் தூவுவார்கள். ஆடுகிறவர்களின் சப்பாத்து வழுக்கிக்கொண்டு போக வேண்டுமே. பிறகு ஒரு சாக்கை விரித்து, பேண்டு வாத்தியக் குழுவிலேயே எடை குறைந்த அந்தோணியை அதில் உட்காரவைத்து, தரை பளபளக்கும்வரை அறை முழுக்க இழுப்பார்கள். அவன் ராஜா மாதிரி கால்நீட்டி உட்கார்ந்திருப்பான்.

எனக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். இரவு பத்து மணிக்கு மேல் வாத்தியம் இசைக்க அனுமதிப் பத்திரம் வேண்டும்; அரசாங்கக் கந்தோரில், அதாவது அலுவலகத்தில், அதை எழுதும் கிளாக்கர் நான். பத்திரத்தின்படி நடக்கிறதா என்று நேரில் பார்க்க வேண்டும் என்ற விதியைக் கண்டுபிடித்தவனும் நான்தான். சமையலறைக் கதவோரம் ஜின்ஜர் பியரோடு அமர்ந்து, ஒரு சனிக்கிழமை விடாமல் மேற்பார்வை செய்தேன்.

அந்தோணி பகலில் ரப்பர் மரத்தில் பால் வெட்டினான். மாதா கோயில் பேண்டில் பழகியது சாக்ஸபோன். வால்ஸ் வாசித்தால் துரைமார் ஆடுவார்கள். பைலா என்ற துள்ளல் மெட்டை வாசித்தால் சமையலறையும் ஆடும். அதைக் கேட்ட ஒருவர் மூலம், கொழும்பில் கடலோர ஹோட்டலொன்றின் நைட் கிளப்பில் அவனுக்கு இடம் கிடைத்தது. யுத்தம் நடந்துகொண்டிருந்தது; அடையாள அட்டை இல்லாமல் தமிழன் கொழும்புக்குப் போக முடியாத காலம். தோட்டத்துத் தமிழனான அவனுக்குப் பிரஜாவுரிமைக் கடிதமே அப்போதுதான் கைக்கு வந்திருந்தது. அட்டைக்கான விண்ணப்பப் பாரம் நிரப்ப என்னிடம் வந்தான்.

"தொழில்ல, சாக்ஸபோன் வாசிக்கிறவன்னு போடுங்கய்யா."

"தோட்டத்து ஆள் பதிவு, அந்தச் செக்ரோல்ல பால்வெட்டுன்னு இருக்கு. ரெண்டும் ஒத்து வராட்டி பாரம் திரும்பி வந்துரும்."

"அங்க நான் பால் வெட்டப் போறதில்லையே?"

"அது பாரத்துக்குத் தெரியாது" என்றேன். நான் நிரப்பிய பாரம் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இதுவும் வரவில்லை.

மூன்றாம் வாரம், வாசித்துவிட்டு அறைக்குத் திரும்பும்போது சோதனைச் சாவடியில் நிறுத்தியிருக்கிறார்கள். மினுங்கும் கோட்டு, கையில் நீளமான கறுப்புப் பெட்டி, அட்டையில் பால்வெட்டுத் தொழிலாளி. "கொழும்புல எந்த மரத்துல பால் வெட்டுறே?" என்று சிங்களத்தில் கேட்டார்களாம். வாசித்துக் காட்டுகிறேன் என்றானாம். பெட்டியைத் தொட விடவில்லை. விசாரித்தபோது, அப்படியொருவர் தங்கள் பதிவில் இல்லை என்றது ஹோட்டல். சந்தேகத்தின் பேரில் உள்ளே தள்ளிவிட்டார்கள்.

அவன் மனைவி மேரி என் மேசைக்கு வந்தாள்.

"இவரு வாசிக்கிறவருதான்னு நாலு வரி எழுதிக் குடுங்கய்யா. நீங்கதான் சனிக்கிழமை தவறாமக் கேட்டீங்களே."

தொழிலைத் திருத்துவதானால் விண்ணப்பதாரரே நேரில் வந்து ஒப்பமிட வேண்டும் என்று விளக்கினேன்.

"அவரு உள்ள இருக்காரேய்யா."

"வெளிய வந்ததும் கூட்டிட்டு வாங்க."

இதைச் சொன்ன வாய் இதுதான். எழுதினால், நான் நிரப்பிய பாரம் பொய் என்று நானே எழுதிக் கொடுத்ததாகும். உள்ளே இருக்கும் தமிழனுக்கு ஒரு தமிழ்க் கிளாக்கர் கடிதம் கொடுத்தால் அடுத்த விசாரணை யாருக்கு என்றும் எனக்குத் தெரியும். அவள் திங்கட்கிழமைதோறும் வந்தாள். பிறகு எதுவும் கேட்காமல் வாசல் வாங்குப் பலகையில் மட்டும் உட்கார்ந்திருந்தாள். பிறகு வரவில்லை.

பதினொரு மாதம் கழித்து அந்தோணியை விட்டார்கள். சாக்ஸபோன் திரும்பவில்லை. வலக்கையில் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. தொழிலைத் திருத்தும் பாரத்தை மேசைமேல் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவன் வந்து அதைப் பார்த்துவிட்டுச் சொன்னான்:

"வேணாங்கய்யா. பால் வெட்ட இந்த வெரலு போதும்."

சாகும்வரை பால்தான் வெட்டினான். நான் எழுதியது உண்மையாகிவிட்டது.

கிளப்பின் பலகைத் தரையைப் பெயர்த்துவிட்டார்கள். இப்போது அது ஓடு பதித்த கல்யாண மண்டபம். பாட்டு ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து வருகிறது. என் முத்திரையை ஓய்வுபெற்ற அன்றே ஒப்படைத்து ரசீது வாங்கிவிட்டேன். மேரி கேட்ட நாலு வரி மட்டும் மனப்பாடமாக இருக்கிறது. மேற்படி அந்தோணி சாக்ஸபோன் வாசிப்பவர். நான் நேரில் கேட்டிருக்கிறேன். யாருக்கு அனுப்புவது என்றுதான் தெரியவில்லை.